ஐபீஸ் எதை வாங்கலாம்? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும், கூப்பிட்டால் அம்பாசமுத்திரம், களக்காடு, திசையன்விளை என்று பள்ளிக்கூட மைதானங்களிலும் ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்றை வைத்து வானம் காட்டுகிறேன். நிலாவைப் பார்த்துவிட்டு நகரும் கூட்டத்தில் எப்படியும் ஒருவர் தயங்கி நிற்பார். அவர் வீட்டிலும் ஒரு டெலஸ்கோப் இருக்கும், பரணில். "வாங்கினோம், ஒண்ணும் தெரியல அண்ணாச்சி" என்பார். விசாரித்தால் பெரும்பாலும் டெலஸ்கோப் மேல் குற்றம் இருக்காது. பொருந்தாத ஐபீஸைப் போட்டுப் பார்த்திருப்பார். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐபீஸ்னா என்னது? டெலஸ்கோப்போட சேர்ந்தே வராதா?

டெலஸ்கோப்பின் பெரிய லென்ஸோ கண்ணாடியோ வெளிச்சத்தைச் சேர்த்து, நிலாவின் சின்னப் பிம்பம் ஒன்றை உண்டாக்கித் தருகிறது. அந்தப் பிம்பத்தைக் கிட்டத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு உருப்பெருக்கி வேண்டும். அதுதான் ஐபீஸ். வாட்ச் ரிப்பேர் பார்ப்பவர் ஒரு கண்ணில் செருகியிருப்பாரே, அந்த லென்ஸ் செய்யும் வேலைதான். பள்ளிப் பாடத்தில் கண்ணருகு லென்ஸ் என்று படித்திருப்பீர்கள்.

பெட்டியோடு ஒன்றிரண்டு வரும். கழற்றி வேறு மாட்டலாம். மாட்டலாம் என்பதால்தான் இத்தனை கேள்வியும்.

25ன்னு ஒண்ணு, 10ன்னு ஒண்ணு இருக்கு. எதுல பெருசா தெரியும்?

10-இல். அந்த எண் ஐபீஸின் குவியத் தொலைவு, மில்லிமீட்டரில். டெலஸ்கோப்புக்கும் ஒரு குவியத் தொலைவு உண்டு. குழாயின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 700, 900, 1200 என்று போட்டிருக்கும். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். 700 குழாயில் 25-ஐப் போட்டால் 28 மடங்கு, 10-ஐப் போட்டால் 70 மடங்கு. எண் குறையக் குறைய உருவம் பெரிதாகும். முதலில் கொஞ்சம் குழப்பும், அப்புறம் பழகிவிடும்.

பெட்டியில 525 மடங்குன்னு போட்டிருக்கு. பையன் அதைப் பார்த்துத்தான் வாங்கச் சொன்னான். பொய்யா சொல்லுதாங்க?

கணக்கில் பொய் இல்லை. 700 குழாய், உள்ளே 4 மி.மீ. ஐபீஸ் ஒன்று: 175 மடங்கு. கூடவே மூன்று மடங்கு பார்லோ என்று, ஐபீஸோடு சேர்த்து மாட்டினால் மடங்கைப் பெருக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடக்கும்: ஆகமொத்தம் 525. ஆனால் அந்த டெலஸ்கோப்பின் முகப்பு லென்ஸ் 70 மி.மீ. அகலம்தான். அது சேர்க்கும் வெளிச்சம் அவ்வளவுதான், அது பிரித்துக் காட்டும் நுணுக்கமும் அவ்வளவுதான். உழக்குப் பாலில் குடம் தண்ணீரை ஊற்றினால் அளவு கூடும், பால் கூடாது.

முகப்பு அகலத்தை மி.மீ.-இல் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் மேல் வரம்பு. 70-க்கு 140 மடங்கு, 130-க்கு 260. அதுவும் காற்று அசையாத நல்ல இரவில். சாதாரண இரவில் அதில் பாதி கிடைத்தாலே சந்தோஷப்படலாம். அந்த 4 மி.மீ. ஐபீஸையும் பிளாஸ்டிக் பார்லோவையும் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். பரணில் தூங்கும் டெலஸ்கோப்புகளில் பலவற்றின் கதை, முதல் நாளே அவை இரண்டையும் சேர்த்து மாட்டிப் பார்த்ததில்தான் முடிந்திருக்கிறது.

அப்போ எத்தனை மடங்கு இருந்தா போதும்?

எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வியாழனின் நாலு பெரிய நிலாக்களும் 28 மடங்கிலேயே வரிசையாகத் தெரியும். சனியின் வளையம் 40-இல் 'ஏதோ காது மாதிரி' என்று தொடங்கி, 100-ஐத் தாண்டினால் கோளுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். வியாழனின் பட்டைகளுக்கு 70 முதல் 120 வரை. நிலா முழுதாக ஒரே பார்வையில் வேண்டுமென்றால் 50. பள்ளங்களுக்குள் இறங்க 100, 150.

கார்த்திகை மீன்கூட்டம் நேர் எதிர். அது வானத்தில் கிட்டத்தட்ட இரண்டு பாகை அகலம், நான்கு நிலாவை வரிசையாக வைத்த அளவு. 70 மடங்கு போட்டால் கூட்டம் காணாமல் போய், தனித்தனி நட்சத்திரங்கள்தான் மிஞ்சும். 20, 25 மடங்கில்தான் அது அழகு.

கையில காசு ஒண்ணு வாங்கத்தான் இருக்கு. எதை வாங்கட்டும்?

முதலில், வாங்காமல் ஒரு மாதம் இருங்கள். பெட்டியோடு வந்த 25, 10 இரண்டையும் வைத்துப் பாருங்கள். கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில் வான்நோக்கு நிகழ்ச்சி நடந்தால் போய், அடுத்தவர் டெலஸ்கோப்பில் கண்ணை வையுங்கள். எது குறைகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறமும் என்னிடம் கேட்டால், 32 மி.மீ. ப்ளாசல் என்பேன் (ப்ளாசல் என்பது ஒரு ஐபீஸ் வகை, அடுத்த கேள்வியில் வரும்). எல்லோரும் பெரிதாக்கும் ஐபீஸைக் கேட்டு வருகிறார்கள்; நான் குறைப்பதைச் சொல்கிறேன். வானத்தில் ஒரு பொருளைத் தேடிப் பிடிக்க அகலப் பார்வை வேண்டும். பிடிக்க முடியாததை 150 மடங்கில் என்ன செய்ய? சாதாரண 1.25 அங்குல விட்டமுள்ள ஐபீஸில் கிடைக்கும் மிக அகலமான பார்வை, அநேகமாக 32-இலேயே கிடைத்துவிடும். 40 வாங்கினால் இன்னும் அகலம் என்று நினைக்க வேண்டாம். குழாயின் வாய் அவ்வளவுதான், 40-இல் மடங்குதான் குறையும், வானம் கூடாது. இந்தப் பதிலுக்கு ஒரு விலக்கு உண்டு, 'வெளுத்த வானம்' கேள்வியில் சொல்கிறேன்.

ப்ளாசல், கெல்னர், ஆர்த்தோன்னு என்னென்னமோ சொல்லுதாங்க. எது ஒசத்தி?

எல்லாம் உள்ளே லென்ஸ்களை அடுக்கிய விதம். ஹைகன்ஸ் வகை 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, இரண்டே லென்ஸ். மேலே 'எச்' என்று போட்டிருக்கும். நீளமான பழைய டெலஸ்கோப்புகளுக்கு ஒத்துப்போகும், இப்போதைய குட்டைக் குழாய்களுக்கு ஆகாது. கெல்னர் 1849-இல் வந்தது, மூன்று லென்ஸ். வியன்னாக்காரர் ப்ளாசல் 1860-இல் நான்கு லென்ஸை இரண்டு ஜோடியாக வைத்தார். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1880-இல் செய்தது ஆர்த்தோஸ்கோப்பிக். கோள்களை உற்றுப் பார்ப்பவர்கள் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள்.

விலைக்கும் தரத்துக்கும் நடுவே நியாயமாக நிற்பது ப்ளாசல்தான். 15 மி.மீ.-க்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அதற்குக் கீழே ஏன் யோசிக்க வேண்டும் என்பதற்கு அடுத்த கேள்வியில் பதில் இருக்கிறது.

கண்ணாடி போட்டுக்கிட்டே பார்க்கலாமா? 10-ல கண்ணை ஒட்டி வச்சாத்தான் தெரியுது.

ஐபீஸின் மேல் லென்ஸிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் கண் இருந்தால்தான் முழு வட்டமும் தெரியும். இதை ஐ ரிலீஃப் என்பார்கள். ப்ளாசலில் அது குவியத் தொலைவில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 32-இல் தாராளம், 10-இல் ஏழு மி.மீ. சொச்சம், 6-இல் இமை லென்ஸில் உரசும். கண்ணாடியோடு பார்க்க 15 முதல் 20 மி.மீ. வேண்டும். அப்படி 'லாங் ஐ ரிலீஃப்' என்று சொல்லியே விற்கிற ஐபீஸ்கள் உண்டு.

ஆனால் கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருகினால் போதும், டெலஸ்கோப்பே சரிசெய்துவிடும். கண் டாக்டர் சீட்டில் 'சிலிண்டர்' என்று பவர் எழுதியிருந்தால்தான் கண்ணாடி தேவை. அதுவும் மடங்கு குறைவாக இருக்கும்போதுதான் அதிகம் உறுத்தும்.

சிங்கப்பூர்ல இருந்து மாமா கொண்டுவந்த பழைய டெலஸ்கோப். புது ஐபீஸ் உள்ளே போகமாட்டேங்குது.

ஸ்கேலை வைத்து ஐபீஸ் குழாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். 24.5 மி.மீ. என்றால் பழைய 0.965 அங்குல அளவு. இப்போது பரவலாக இருப்பது 31.7, அதாவது 1.25 அங்குலம். பெரிய டெலஸ்கோப்புகளில் 50.8, இரண்டு அங்குலம். பழையதை 1.25-க்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது.

52 டிகிரி, 68 டிகிரி, 82 டிகிரின்னு விலை ஏறிக்கிட்டே போகுது. அந்த டிகிரிக்கு அவ்வளவு மதிப்பா?

கண்ணை வைத்தால் தெரியும் வட்டம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதுதான் அந்த எண். 52 சன்னல் வழியாகப் பார்ப்பது. 82 அந்தச் சன்னலில் தலையை நுழைத்துப் பார்ப்பது. அதை மடங்கால் வகுத்தால் வானத்தில் எத்தனை பாகை தெரிகிறது என்று வரும். 100 மடங்கில் 52 என்றால் அரை பாகை, நிலாவின் அகலம்.

மோட்டார் இல்லாத டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இதன் மதிப்பு வேறு மாதிரி. பூமி சுற்றுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். 100 மடங்கில், 52 பாகை ஐபீஸின் ஒரு ஓரத்தில் வியாழனை வைத்தால் மறு ஓரத்துக்கு இரண்டே நிமிடத்தில் போய்விடும். 68 என்றால் இன்னும் நாற்பது வினாடி கூடக் கிடைக்கும். திசையன்விளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவே குழாயைத் தள்ளித் தள்ளி என் முதுகு ஒடிந்த அன்றைக்குத்தான் 68-க்கு மாறினேன். தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு 52-ஏ போதும். 82-இன் விலைக்கு நல்ல 52 நாலைந்து வாங்கிவிடலாம்.

பார்லோ வாங்கினா ஒண்ணு ரெண்டாகுமாமே?

ஆகும். இரண்டு மடங்கு பார்லோ 25-ஐ 12.5 ஆக்கும், 10-ஐ 5 ஆக்கும். இன்னொரு லாபம், நீளமான ஐபீஸின் வசதியான ஐ ரிலீஃப் அப்படியே இருக்கும்; மடங்கு மட்டும் கூடும். கண்ணாடி போட்டவர்களுக்கு இது நல்ல வழி.

ஆனால் கணக்குப் போட்டு வாங்குங்கள். 20, 10 என்று இரண்டு ஐபீஸ் வைத்துக்கொண்டு பார்லோ வாங்கினால், 20-இல் பாதி மறுபடியும் 10. ஒரு படி வீண். 32, 25, 16, 8 என்று வைத்துக்கொண்டு பார்லோ வாங்கிய ஒருவரையும் தெரியும். வேறு யாருமில்லை, நான்தான்.

ஜூம் ஐபீஸ் ஒண்ணு வாங்கினா எல்லாம் முடிஞ்சுதா?

8 முதல் 24 வரை திருகும் வகை நன்றாகவே இருக்கிறது, கூட்டத்துக்குக் காட்ட மிகவும் சௌகரியம். குறை என்னவென்றால், 24-இல் அகலம் வேண்டும்போது வட்டம் 40 பாகையாகச் சுருங்கிவிடும், 8-இல்தான் விரியும். கூட ஒரு 32 இருந்தால் இது குறையே இல்லை.

எங்க வீட்ல 130 மி.மீ. குட்டைக் குழாய். 32 போட்டா வானம் வெளுத்துத் தெரியுது, 15 போட்டா கறுப்பா நல்லாயிருக்கு. லென்ஸ் கெட்டுப்போச்சா?

இல்லை. நான் சொன்ன விலக்கு இதுதான். ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றைக்கு ஒரு அகலம் உண்டு. டெலஸ்கோப்பின் எஃப் எண்ணால் (குழாயின் குவியத் தொலைவை முகப்பு அகலத்தால் வகுத்தது) ஐபீஸின் எண்ணை வகுத்தால் அது வரும். உங்களுடையது 650 குழாய், 130 முகப்பு, எஃப்/5. 32-ஐ 5-ஆல் வகுத்தால் 6.4 மி.மீ. 15 என்றால் 3 மி.மீ. கற்றை அகலமாக இருந்தால் நெபுலா என்னும் வானத்து வாயு மேகம் மட்டுமல்ல, தெருவிளக்கு வானத்தில் பூசிய வெளுப்பும் முழுசாக வரும். இன்னொன்று, இருட்டில் இளவட்டத்தின் கண் பாப்பா 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக 5 வரைக்கும் வந்துவிடும். 6.4 கற்றையில் மிச்சம் உங்கள் கண்ணுக்குள்ளேயே போகாது.

மேலப்பாளையம், பாளை, ஜங்ஷன் பக்கம் இருப்பவர்கள் இந்த எண்ணை 2-க்கும் 4-க்கும் நடுவே வைத்தால் வானம் கறுத்துக் கிடக்கும். தேரிக்காட்டுப் பக்கமோ மணிமுத்தாறு பக்கமோ வெளிச்சமில்லாத ஊர்க்காரர்களுக்கு 5 வரை போகலாம். ஆகவே குட்டைக் குழாய்க்காரர்கள் 32 ப்ளாசலுக்குப் பதிலாக 24 மி.மீ., 68 பாகை ஐபீஸ் வாங்குங்கள். தெரியும் வானத்தின் அகலம் ஏறக்குறைய அதேதான், பின்னணி மட்டும் கறுக்கும். எஃப்/8, எஃப்/10 குழாய் வைத்திருப்பவர்களுக்கு 32-ஏ சரி.

ஓரத்துல இருக்க நட்சத்திரத்துக்கெல்லாம் வால் முளைச்சிருக்கு. ஐபீஸ் கோளாறா, டெலஸ்கோப் கோளாறா?

ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஓரத்துக்குக் கொண்டுபோய் ஃபோகஸை லேசாகத் திருகிப் பாருங்கள். சரியாகிவிட்டால் பார்வைத்தளம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். சிறகு விரித்த பறவை மாதிரி நீண்டு, திருகும்போது நீளும் திசை மாறினால் ஐபீஸின் குறை. எஃப்/5-இல் மலிவான அகல ஐபீஸ்கள் இப்படித்தான் செய்யும். வால் எல்லாம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவே நீண்டு, வால்மீன் மாதிரி இருந்தால் அது டெலஸ்கோப் கண்ணாடியின் குறை, கோமா என்பார்கள். அதற்கு ஐபீஸ் மாற்றிப் பயனில்லை. வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துக்கொண்டால் பணம் மிச்சம்.

நம்ம ஊருக்குன்னு தனியா யோசிக்கணுமா? யூட்யூப்ல சொல்றதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு.

யோசிக்கணும். காற்று முதலில். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையையே சுற்றும், டெலஸ்கோப் எம்மாத்திரம்? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பழமொழி இல்லை. 100 மடங்கில் குழாயின் நடுக்கமும் 100 மடங்குதான். அந்த மாதங்களில் 32-ஐ மாட்டிவிட்டு 10-ஐ மறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. மார்கழியில் பனி ஐபீஸில் படியும். சட்டைப்பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுவேன். தை முதல் பங்குனி வரை நமக்கு அறுவடைக் காலம்.

அடுத்தது சூடு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மாடி ராத்திரி பத்து மணி வரைக்கும் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் சனியைப் பார்த்தால் ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். ஐபீஸைக் குறை சொல்லாதீர்கள். மண்தரையில் இறக்கி வையுங்கள், அல்லது நேரம் தாழ்த்திப் பாருங்கள்.

மூன்றாவது நமக்குக் கிடைத்த வரம். நாம் இருப்பது வட அட்சம் 8.7 பாகையில். ஐரோப்பாக்காரர்கள் பெரும்பாலும் பார்க்க முடியாத ஒமேகா சென்டாரி நமக்குத் தெற்கே 34 பாகை உயரம் ஏறும். மே நடுவில் ராத்திரி பத்து மணி வாக்கில். நிலாவைவிட அகலமான நட்சத்திரப் பந்து. 37 மடங்கில் பஞ்சுப்பொதி, 80-இல் கொட்டின ரவை. இரண்டு ஐபீஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதை இரண்டிலும் காட்டுவேன், பிறகு கேட்கமாட்டார்கள்.

நிலா கண்ணு கூசுது. பெட்டியில சூரியனுக்குன்னும் ஒரு ஃபில்டர் இருக்கு, போடலாமா?

நிலாவுக்கு ஃபில்டர் கட்டாயமில்லை. மடங்கைக் கூட்டுங்கள், கூச்சம் குறையும். மாடி விளக்கைப் போட்டுவிட்டும் பார்க்கலாம்.

ஐபீஸில் திருகும் அந்தச் சூரிய ஃபில்டரை இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். டெலஸ்கோப் குவித்துக் கொடுக்கும் சூட்டில் அது விரிசல் விட்டால், கண்ணை இழுத்துக்கொள்ளும் முன்னே பார்வை போய்விடும். சூரியனுக்கு ஃபில்டர் குழாயின் முகப்பில்தான் இருக்க வேண்டும், அதுவும் அதற்கென்றே செய்தது. இதில் மட்டும் நான் யாரோடும் வாதம் செய்வதில்லை.

போன்ல படம் எடுக்க எது தோது?

25 அல்லது 32. ஐ ரிலீஃப் தாராளமாக இருப்பதால் போன் கேமரா சரியான இடத்தில் நிற்கும். நிலாவில் தொடங்குங்கள்.

ஐபீஸுக்குள்ள வெள்ளை நூல் ஓடுன மாதிரி இருக்கு. துடைச்சும் போகல.

பூஞ்சை. நம்மூர் ஈரத்துக்கு அது பிடித்த இடம். உள்ளே போய்விட்டால் வெளியே துடைத்து என்ன செய்ய? பார்த்து முடித்ததும் அப்படியே மூடி வைக்காதீர்கள்; ஈரம் காய்ந்த பிறகு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பீரோவில் துணிக்கு நடுவே வேண்டாம்.

வெளிப்பக்கம் தூசி என்றால் ரப்பர் குமிழால் ஊதினால் போதும், வாயால் அல்ல. என் முதல் ஐபீஸைத் தோள் துண்டால் துடைத்துத் துடைத்து வட்டக்கோடு போட்டுவிட்டேன். பள்ளிக்கூட நிகழ்ச்சி முடிந்தால் கண்மைதான் பெரும்பாடு. லென்ஸ் துடைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுப்பேன்.

இவ்வளவு சொல்லுதீங்க. நீங்க என்ன வச்சிருக்கீங்க?

150 முகப்பு, 1200 குழாய். 32 ப்ளாசல், 37 மடங்குக்கு. 15 மி.மீ., 68 பாகை, 80 மடங்குக்கு. இரண்டு மடங்கு பார்லோ. பார்லோ கேள்வியில் சொன்ன 25, 16, 8 மூன்றையும் விற்றாயிற்று. ஒரு 6 மி.மீ. மட்டும் மிச்சம், 200 மடங்கு தருகிறது, காற்றுதான் விடமாட்டேன் என்கிறது. இதுவரை நாலு ராத்திரிதான் டப்பாவை விட்டு வெளியே வந்திருக்கிறது. பூஞ்சை இல்லை, துண்டும் படவில்லை. வேண்டுமென்பவர்கள் விலை பேசலாம்.